ஹாலோ மேன் படத்தில் கொரில்லா மட்டும்தான் திரும்பி வந்தது

ஹாலோ மேன் படத்தைப் பார்த்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கொரில்லா காட்சியைத்தான் சொல்வார்கள். சோதனைக்கூட மேசையில் இசபெல் என்ற பெண் கொரில்லாவைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டைகள் மட்டும் வெறுங்காற்றைச் சுற்றி இறுக்கியதுபோல் உப்பி நிற்கின்றன. ஊசி வழியாக மருந்து ஏறுகிறது. முதலில் ஒற்றை ரத்தக்குழாய் தெரிகிறது. அது கிளை விடுகிறது, கிளையிலிருந்து கிளை. நடுவே இதயம் துடித்தபடியே உருவம் பெறுகிறது. எலும்பு, தசை, தோல், கடைசியாக மயிர். பாதியில் இதயம் நின்றுபோக, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கிறார்கள். கொரில்லா கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்குத் திரும்பி வருகிறது.

2000 ஆகஸ்டில் வெளியான இந்தப் படம் 112 நிமிடம் ஓடுகிறது. பால் வெர்ஹூவன் இயக்கம், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசை, சுமார் 9.5 கோடி டாலர் செலவு. அத்தனைக்கும் நடுவில் அந்தச் சில நிமிடங்கள் அபாரம். மற்றதெல்லாம் சுமார். ஆனால் இது அலட்சியத்தால் சுமாரான படம் இல்லை. சரியான கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கி, பாதி வழியில் அதைக் கீழே போட்டுவிட்ட படம். அந்தக் கேள்வி என்ன, அது எவ்வளவு நல்ல கேள்வி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாயமாய் மறையும் கதைகள் எல்லாவற்றிலும் மறைவதுதான் சாதனை. இந்தப் படத்திலோ மறைவது ஏற்கெனவே முடிந்துபோன வேலை. அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் நடக்கும் நிலத்தடிக் கூடம்; கூண்டு நிறைய கண்ணுக்குத் தெரியாத விலங்குகள். அவற்றைத் திரும்பக் கொண்டுவரத்தான் யாருக்கும் தெரியவில்லை. செபாஸ்டியன் கெய்ன் (கெவின் பேகன்) தன் வீட்டுக் கணினி முன்னால் தூக்கமில்லாமல் உட்கார்ந்து உடைப்பது இந்த முடிச்சைத்தான். போகும் வழி தெரியும், வரும் வழி தெரியாது. அறிவியல் புனைகதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது. ஏனென்றால் நிஜமான ஆய்வுக்கூடங்களிலும் இதே இடத்தில்தான் நூறாண்டுக்கு மேல் முட்டி நின்றார்கள்.

அதைப் பார்ப்பதற்கு முன், ஒரு பொருள் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஒளி ஒரு பொருளில் பட்டால் உறிஞ்சப்படும், அல்லது திரும்பும், அல்லது வளைந்து உள்ளே போகும். எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் அளவுதான் ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1.0003, தண்ணீருக்கு 1.33, உடலில் உள்ள கொழுப்புக்கு ஏறக்குறைய 1.45. எண்கள் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் திசை மாறும். நம் தோலில் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் நுண்ணிய அளவில் கலந்து கிடப்பதால் இப்படிப்பட்ட எல்லைகளுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொன்றிலும் இடறி இடறி ஒளி சிதறிப்போகிறது. அதனால்தான் தோலுக்குள் பார்க்க முடிவதில்லை. பஜ்ஜி கட்டிய காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று ஊடுருவித் தெரிவது இதன் மறுபக்கம். காகித இழைக்கும் காற்றுக்கும் எண்ணில் பெரிய இடைவெளி. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் இடைவெளி குறைகிறது, சிதறல் அடங்குகிறது, எழுத்து மறுபக்கம் தெரிகிறது. எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதையிலும் அந்த மறைந்த மனிதனான கிரிஃபின் இந்த எண்ணெய்க் காகிதத்தையும் தூளாக்கிய கண்ணாடியையும் வைத்துத்தான் தன் கண்டுபிடிப்பை விளக்குகிறான்.

சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். போரோசிலிகேட் கண்ணாடியில் செய்த சின்னச் சோதனைக்குழாய் அல்லது குவளை ஒன்று, அது முழுதாக மூழ்கும் அளவுக்குப் பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று, சூரியகாந்தி எண்ணெய். சின்னதைப் பெரியதற்குள் நிறுத்தி, சின்னதன் வாய்க்குள் எண்ணெயை மெல்ல ஊற்ற வேண்டும். உள்ளே நிரம்பும்வரை குவளை நன்றாகவே தெரியும். வழிந்து வெளிப்பக்கமும் எண்ணெய் ஏற ஏற, அடியிலிருந்து குவளை கரைந்துகொண்டே வரும். கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் எண் ஏறக்குறைய 1.47. எல்லையே இல்லாததால் ஒளிக்கு அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. வீட்டுச் சாதாரணக் கண்ணாடி டம்ளருக்கு எண் 1.52, அது மறையாது, விளிம்பு நிழலாக நிற்கும். தேங்காய் எண்ணெய் 1.45-ஐ ஒட்டியது, அதிலும் கோடு மிஞ்சும். மருந்துக்கடைக் கிளிசரின் அருமையாகப் பொருந்தும், ஆனால் பன்னீர் கலந்தது என்றால் எண் இறங்கிவிடும். எண்ணெய் சூடாக இருந்தாலும் அப்படியே. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.0004 இறங்கும், ஆறிய பிறகு ஊற்றினால் போதும். கண்ணாடியில் ஒட்டிய குமிழ்களும் அச்சிட்ட பெயரும் காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு குவளையை வெளியே எடுத்துப் பாருங்கள். அடுத்த நொடியே தெரியும், ஆனால் பழைய குவளையாகத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்க்குள் மறைந்த குவளை காற்றில் மறையாது. உடலின் உள்ளே சிதறலை முழுக்க நிறுத்திவிட்டாலும் கிடைப்பது தெளிந்த ஜெல்லிமீன் போன்ற ஒரு மனிதன். தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள எல்லையில் நேராக விழும் ஒளியில் 2 சதவீதம் திரும்பும், சாய்ந்து விழுந்தால் இன்னும் அதிகம். கெய்ன் கண்ணாடிச் சிலைபோல மின்னிக்கொண்டு நடப்பான். காற்றில் முழுதாக மறைய உடலின் எண் 1.0003-க்கு இறங்க வேண்டும். சிலிக்கா ஏரோஜெல் என்ற, பெரும்பாலும் காற்றாலேயே ஆன திடப்பொருள்கூட அதற்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. படம் இந்தச் சிக்கலுக்குள் போகாமல் குவாண்டம் நிலைமாற்றம் என்று ஒரு சொல்லைப் போட்டுக் கடந்துவிடுகிறது. அதில் தப்பில்லை. புனைகதைக்கு ஒரு பொய்யை அனுமதிக்கலாம். அந்தப் பொய்யை ஏற்றபிறகு மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் படம் சில இடங்களில் வியக்கவும் சில இடங்களில் நோகவும் வைக்கிறது.

வியக்கவைப்பது கண்ணிமை. மறைந்தபின் கெய்ன் முதலில் படும் தொல்லை வெளிச்சம். கண்ணை மூடினாலும் வெளிச்சம் நிற்பதில்லை, இமையும் ஒளிபுகும் பொருளாகிவிட்டதால். எழுதியவர் யோசித்து எழுதிய இடம் இது. ஆனால் இன்னும் ஓரடி யோசித்திருந்தால் படமே வேறு படமாகியிருக்கும். இமை ஒளியைத் தடுக்காது என்றால் விழித்திரையும் தடுக்காது. விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை. உறிஞ்சாமல் விட்டால் கெய்ன் குருடன். விழித்திரையை மட்டும் மறையாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால், 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணின் பின்சுவர் இரண்டு இருண்ட கிண்ணங்களாகக் காற்றில் மிதக்கும். அப்போதும் பார்வை உருப்படியாக இருக்காது. கருவிழி ஒளியைக் கட்டுப்படுத்தாது, மண்டையோடு பக்கவாட்டு ஒளியை மறைக்காது. டப்பா இல்லாமல் வெயிலில் காட்டிய பிலிம் சுருள் போலத்தான். போதாததற்கு, கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவும் காற்றும் சந்திக்கும் எல்லையிலிருந்து வருகிறது. அந்த எல்லை போய்விட்டால், கிணற்றுக்குள் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எப்படியிருக்குமோ, அதைவிட மோசமாகத் தெரியும்.

வெல்ஸ் இதை யோசித்திருந்தார். அவர் கதையில் மறைந்த பூனைக்குக் கண்ணின் பின்புறத்துப் பளபளப்புப் படலம் மட்டும் மறையாமல் மிஞ்சுகிறது. கிரிஃபினுக்கும் விழித்திரையின் பின்னால் மூடுபனியைவிட மங்கலாக நிறமி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்த மங்கலான மிச்சத்தைக் கதாசிரியர் தன் நேர்மைக்காக விட்டுவைத்தார் என்றுதான் தோன்றுகிறது. நூறு வருடம் கழித்து வந்த படத்துக்கு அது கிடைக்கவில்லை.

படம் சரியாகச் செய்த இன்னொன்று வெப்பக் கண்ணாடி. கூடத்தில் உள்ளவர்கள் அகச்சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கெய்ன் தெரிகிறான். மறைந்தவன் எப்படி அதில் தெரிவான் என்று சிலர் கேட்பதுண்டு. தெரிவான். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். மனிதத் தோலின் வெப்பநிலையில் உள்ள பொருள் அதிகம் வெளியிடும் கதிர் 9.5 மைக்ரோமீட்டரை ஒட்டியது. இரண்டும் வேறு வேறு உலகம். ஜன்னல் கண்ணாடி நமக்கு ஒளிபுகும் பொருள், வெப்பக் கேமராவுக்கோ அது சுவர். கெய்ன் அதேபோல நம் கண்ணுக்கு மட்டும் மறைந்தவன் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவருகிறது. எல்லா அலைநீளத்திலும் மறைந்திருந்தால்தான் வம்பு. ஒரு கதிரை உறிஞ்சாத பொருள் அதே கதிரை வெளியிடவும் செய்யாது. அப்படிப்பட்ட கெய்னுக்கு உடல் வெப்பத்தைக் கதிராக வெளியேற்றும் வழியே அடைபட்டிருக்கும்.

நோகவைப்பது மருந்து பயணிக்கும் வழி. ஊசி ரத்தக்குழாயில் போடப்படுகிறது. அப்படியானால் ரத்தம் அதிகம் போகும் உறுப்புகளான கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை முதலில் மாற வேண்டும். ரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்பு கடைசியில் வர வேண்டும். கெய்ன் மறையும்போது தோல், தசை, உறுப்பு, எலும்பு என்று வெளியிலிருந்து உள்ளே வரிசையாகக் கழல்கிறான். உடற்கூறு வகுப்புக்கு ஏற்ற வரிசை, மருந்துக்கு ஏற்ற வரிசை இல்லை. தலைமுடியும் நகமும் செத்த பொருள். ரத்தம் அங்கே எட்டாது. மருந்து வேலை செய்த ஐந்தாவது நிமிடம் மேசையில் ஒரு தலைமுடிக் கொத்தும் இருபது நகங்களும் கிடந்திருக்க வேண்டும். அந்தப் படிமத்தைப் படத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம்: போனதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

உடலை ஒளிபுகச் செய்யும் வேலை நிஜத்தில் நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெர்னர் ஸ்பால்டெஹோல்ஸ் என்ற உடற்கூறியலாளர் முழு உறுப்புகளையே கண்ணாடிபோல் ஆக்கினார். திசுவின் நிறத்தை வெளுத்து, ஆல்கஹாலில் படிப்படியாக ஊறவைத்துத் தண்ணீரை முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெத்தில் சாலிசிலேட்டும் பென்சில் பென்சோயேட்டும் கலந்த எண்ணெயை ஏற்றுவார். மெத்தில் சாலிசிலேட்டின் எண் 1.53-ஐத் தாண்டும், தண்ணீரிழந்த புரதத்துக்கு நெருக்கமானது. நம் வீட்டு வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் மணம் அதனுடையதுதான். பஜ்ஜிக் காகிதத்தின் கணக்கு அப்படியே. ஆனால் தண்ணீரைப் பறிகொடுத்த உறுப்பு மறுபடி உயிர்ச் செயலுக்கு வராது.

2013-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத்தின் கூடத்தில் க்வாங்ஹுன் சுங் உள்ளிட்டோர் கிளாரிட்டி என்ற முறையை வெளியிட்டார்கள். சுண்டெலியின் முழு மூளையையும் ஒரு ஜெல் வலைக்குள் பிணைத்து, சோப்பு போன்ற கரைசலால் கொழுப்பை மட்டும் உருவி எடுத்துவிடுவது. சிதறலுக்கு முக்கியக் காரணமான கொழுப்பு போனதும் மூளை தெளிந்த ஜெல்லியாகிறது. நரம்புகளை வெட்டாமலே கடைசி இழைவரை தொடரலாம். மகத்தான வேலை. ஆனால் செல்லைச் சுற்றியுள்ள சவ்வே பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அதை உருவிய மூளைக்குத் திரும்பும் வழி கிடையாது.

2024 செப்டம்பரில் அந்தக் கதவு அகலமாகத் திறந்தது. ஸ்டான்ஃபோர்டில் குவோசோங் ஹாங், ஸிஹாவ் ஊ முதலியோர் உயிருள்ள சுண்டெலியின் தோலில் டார்ட்ரஸின் கரைசலைத் தேய்த்தார்கள். சில நிமிடங்களில் வயிற்றுத் தோலுக்குள் குடல் அசைவது வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தலைத் தோலுக்குக் கீழே மூளையின் ரத்தக்குழாய்களை ஆய்வுக் கருவியால் படம்பிடித்தார்கள். தண்ணீரால் கழுவியதும் தோல் பழையபடி ஆனது. போனதும் வந்ததும் ஒரே மதியத்தில்.

டார்ட்ரஸின் என்பது நமக்குத் தெரியாத பொருளில்லை. இனிப்புக் கடைகளில் எலுமிச்சை மஞ்சளுக்குப் போடும் சாயம், பொட்டலங்களில் 102 என்ற எண்ணோடு அச்சிட்டிருக்கும். அது நீல ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. ஒரு பொருள் ஒரு நிறத்தில் வலுவாக உறிஞ்சினால், அதைவிட நீண்ட அலைநீளங்களில் அதன் ஒளிவிலகல் எண் உயரும். இயற்பியலில் இது கட்டாயமான தொடர்பு. ஆகவே சாயம் கரைந்த தண்ணீரின் எண் சிவப்பு ஒளியில் கொழுப்பின் எண்ணை நோக்கி ஏறுகிறது. கொழுப்பை எடுக்காமல், தண்ணீரை எடுக்காமல், தண்ணீரை மட்டும் கொழுப்புக்குச் சமமாக உயர்த்தியதுதான் வித்தை. நிறமுள்ள பொருளைச் சேர்த்து ஒளிபுக வைப்பது என்பது கேட்கும்போதே தலைகீழாகத் தோன்றும். அதனால்தான் இவ்வளவு காலம் யாருக்கும் கை அந்தப் பக்கம் போகவில்லை போலும்.

அளவைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேசரிப் பொடியைக் கையில் பூசிக்கொள்வார்கள். பயன்படுத்திய கரைசல் ஏறக்குறைய 0.6 மோலார். டார்ட்ரஸினின் மூலக்கூறு எடை 534. ஆக லிட்டருக்கு 320 கிராம். இந்தியாவில் இனிப்புக்கு அனுமதி கிலோவுக்கு 100 மில்லிகிராம். மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். சுண்டெலித் தோலைவிட மனிதத் தோல் பல மடங்கு தடிமன், மனிதரிடம் சோதிக்கவும் இல்லை. சிவப்பு, ஆரஞ்சு ஒளிக்கு மட்டும்தான் தோல் வழிவிடும். மறைவது என்ற பேச்சுக்கே இடமில்லை, உள்ளே பார்ப்பதுதான் நோக்கம். ரத்தம் எடுக்க நரம்பு தேடித் தேடி ஊசி குத்துகிறார்களே, அந்த வேதனைக்கு ஒருநாள் இது உதவலாம்.

இந்தத் தகவல்கள் தெரிந்தபிறகு கொரில்லா காட்சியைத் திரும்பப் பார்த்தால் அதன் எடை கூடுகிறது. திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பது அந்தக் காட்சியில் உடலால் உணரும்படி இருக்கிறது. அடுத்து என்ன நடக்க வேண்டும்? இசபெல்லை வாரக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். இன்னும் சில விலங்குகளில் செய்து பார்க்க வேண்டும். மறைந்திருந்த விலங்குகள் நாளாக நாளாக மூர்க்கமாகின்றன என்று படத்திலேயே ஒரு குறிப்பு வருகிறது. மருந்தாலா, தன் உடலைத் தானே பார்க்க முடியாத குழப்பத்தாலா, கூண்டு வாழ்க்கையாலா? மருந்து போடாத விலங்கு ஒன்றை அதே கூண்டில் வைத்து ஒப்பிட்டால் விடை தொடங்கும். கெய்ன் செய்வது வேறு. மேலிடக் குழுவிடம் வெற்றியை மறைக்கிறான். குழு அனுமதித்துவிட்டது என்று தன் ஆட்களிடம் பொய் சொல்கிறான். தன் உடம்பிலேயே ஊசியை ஏற்றிக்கொள்கிறான். மூன்று நாளில் திரும்புவதாகத் திட்டம். திரும்பும் ஊசி அவனுக்கு வேலை செய்யவில்லை.

தன்னைத்தானே சோதித்துக்கொண்டவர்கள் நிஜத்திலும் உண்டு. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கை ரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் குழாயை இதயம்வரை செலுத்தி, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1984-இல் பாரி மார்ஷல் வயிற்றுப்புண் கிருமியைக் குடித்தார். துணிச்சல்தான். ஆனால் குழாயை உருவி எடுக்கலாம்; கிருமியைக் கொல்லும் மருந்து மார்ஷலுக்கு முன்பே தெரியும். இருவருக்கும் திரும்பி வரும் வழி கையில் இருந்தது. கெய்னிடம் இருந்தது ஒரு கொரில்லா, ஒரு முறை, அதுவும் இதயம் நின்று பிழைத்தது.

ஒரு விலங்கில் சரியாக நடந்தது மனிதரில் ஏன் தவறும் என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்த டிஜிஎன் 1412 மருந்துச் சோதனையைவிடக் கடுமையான பாடம் இல்லை. குரங்குகளில் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கைத்தான் ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்குப் போட்டுப் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, காய்ச்சல். பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழந்தது. மனித நோய்எதிர்ப்பு அணுக்கள் குரங்கினதைப்போல அடங்கி நிற்கவில்லை. ஆறு பேரும் தீவிர சிகிச்சையில் பிழைத்தார்கள். முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்து, பிறகே அடுத்தவர் என்ற நடைமுறை அதன் பிறகுதான் அழுத்தமாக வந்தது. மருந்து ஒன்று, விலங்கு வேறு, மனிதன் வேறு. கெய்னுக்கு ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இப்படியொரு காரணம் இருந்திருக்கலாம். அந்தக் காரணத்தைத் தேடும் காட்சிகள்தான் படத்தின் மிச்ச நேரத்துக்கு உயிராக இருந்திருக்க வேண்டும்.

படமோ அங்கேதான் கைவிடுகிறது. திரும்பும் ஊசி தோற்றதும் ரப்பர் முகமூடி போட்ட கெய்ன் ஊருக்குள் தப்பிப்போகிறான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுமை, நீச்சல் குளத்தில் மேலதிகாரியின் கொலை, பிறகு பூட்டிய கூடத்துக்குள் ஒவ்வொருவராகச் சாவு. அவனை மூர்க்கனாக்கியது மருந்தா, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியமா, முன்பே இருந்த குணமா என்று படம் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு காட்சியும் வசதிக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறது. எலிசபெத் ஷூவும் ஜோஷ் பிரோலினும் முதல் பாதியில் விஞ்ஞானிகள், இரண்டாம் பாதியில் ஓடுகிறவர்கள்.

உறைகுளிர் அறைக்குள் மாட்டிக்கொண்ட லிண்டா (எலிசபெத் ஷூ), இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை வைத்து மின்காந்தம் செய்து வெளித்தாழ்ப்பாளை இழுப்பது ஓர் உதாரணம். அந்தக் கருவி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 360 ஜூல் அளவில், சில மில்லிநொடிகளுக்கு மட்டுமே மின்சாரம் தரும். தாழ்ப்பாளை நகர்த்த விடாமல் பிடித்து இழுக்கும் விசை வேண்டும், ஒரு சுண்டு போதாது. குளிரறைகளில் அதிகம் போடும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகைக் காந்தம் சட்டை செய்வதும் இல்லை. முதல் பாதியில் இமைவரை யோசித்த எழுத்து இங்கே தாழ்ப்பாளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியும் இந்தப் படத்தை ஒதுக்கிவிட மனம் வராததற்குக் காரணம் விஷுவல் எஃபெக்ட்ஸ் குழு. சோனி இமேஜ்வொர்க்ஸ், டிப்பெட் ஸ்டுடியோ இரண்டும் சேர்ந்து செய்த வேலை. அன்றைய கணினி உருவங்கள் பொதுவாக வெறும் மேல்தோல்தான், உள்ளே காலி. இங்கே தோல் கழன்றால் தசை தெரிய வேண்டும், தசைக்கு இடையில் நாளம், அதற்குள் எலும்பு, நடுவே சுருங்கி விரியும் நுரையீரல். ஆகவே உள்ளிருந்து நிரம்பிய ஓர் உடலைக் கட்டினார்கள். ஃப்ளோரன்ஸ் நகரின் லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டு மெழுகு உடல்கள் அசைந்தால் எப்படியிருக்குமோ அப்படி. உள்ளீடற்றவன் என்று பெயர் வைத்த படத்துக்காக!

மறைந்தபிறகு வரும் காட்சிகளில் பேகன் இல்லாமலே எடுத்திருக்கலாம். ஆனால் எதிரில் யாருமில்லாமல் மற்றவர்கள் நடித்தால் கண் பொய் சொல்லும். அதனால் அவர் உடல் முழுக்கச் சாயமும் உடையுமாகக் களத்திலேயே நின்றார். ரத்தம் வரும் காட்சிக்குப் பச்சை, புகைக்கு நீலம், தண்ணீருக்குக் கறுப்பு. சிவப்புக்கு எதிரில் பச்சை சுலபமாகப் பிரியும். கறுப்பின்மேல் தண்ணீரின் பளபளப்பு மட்டும் தனியே மிஞ்சும். பிறகு, கணினி ஓட்டும் கேமராவை அதே பாதையில் மறுபடி நகர்த்தி வெறும் களத்தைப் படம்பிடிப்பார்கள். பேகனின் உருவத்தைத் துடைத்து, அந்த இடத்தில் வெறும் களத்தைப் பொருத்தி, மேலே கணினி உடலை ஏற்ற வேண்டும். பாதை இம்மி பிசகினாலும் சுவரில் ஓர் ஆள் அளவு ஒட்டுப் போட்டது தெரியும். குளத்துக் காட்சியில் தண்ணீர் அவ்வளவு நம்பும்படி விலகுவதற்குக் காரணம், அதை ஓர் உடல் நிஜமாகவே தள்ளியது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது கிளாடியேட்டருக்குப் போயிற்று. இசபெல்லாக உடை போட்டு நடித்தவர் டாம் வுட்ரஃப். அந்தத் தோளின் தளர்ச்சியில் ஒரு மனிதரின் கவனம் இருக்கிறது.

படம் ஏறக்குறைய 19 கோடி டாலர் வசூலித்தது. தான் எடுத்திருக்கக் கூடாத முதல் படம் இது என்ற பொருளில் வெர்ஹூவன் பின்னாளில் பேசினார். அடுத்த படத்தை எடுக்க நெதர்லாந்துக்குத் திரும்பினார்.

இயற்கையில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் கண்ணாடித் தவளை தூங்கும்போது தன் சிவப்பணுக்களில் ஏறக்குறைய 89 சதவீதத்தைக் கல்லீரலுக்குள் ஒதுக்கிக்கொள்கிறது. 2022-இல் இதை வெளியிட்டார்கள். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்ட பச்சை ஒளிபோல் ஆகிவிடுகிறது. விழித்ததும் ரத்தம் குழாய்களுக்குத் திரும்புகிறது. அவ்வளவு அணுக்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஏன் உறைவதில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் துரத்தும் கேள்வி. போவதைவிட வருவதில்தான் அங்கேயும் ரகசியம்.

இந்தக் கதையை யாராவது மறுபடி எடுப்பதாக இருந்தால், இசபெல் திரும்பிய மறுநாள் காலையில் தொடங்கலாம். எடை பார்ப்பார்கள். சிறுநீரக, கல்லீரல் அளவுகளுக்கு ரத்தம் எடுப்பார்கள். இதயத் துடிப்பின் கோட்டை நேற்றையதோடு வைத்துப் பார்ப்பார்கள். கண்ணில் விளக்கடித்துக் கருமணி சுருங்குகிறதா என்று குறிப்பார்கள். அப்புறம் கூண்டுக்குள் ஒரு வாழைப்பழத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள், அவள் அதைக் கண்ணால் பார்த்து எடுக்கிறாளா, மோந்து தேடி எடுக்கிறாளா என்று.